நீலுவுக்கு இரண்டு பட்டியல்

உ

கரோல் பாக், புது தில்லி
30-11-1986

சௌபாக்கியவதி விசாலிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். லுஸாகாவில் நீயும் மாப்பிள்ளை மகாதேவனும் குழந்தைகளும் எல்லா அளவிலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருப்பதை ஒரு முறை பார்த்துக்கொண்டு மேலே படி. துக்கச் செய்திக்குச் சுழி போடக்கூடாது, மற்றதற்குப் போடாமல் இருக்கக்கூடாது, இது எந்த வகை என்று தீர்மானிக்க எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. கடைசியில் சின்னதாகப் போட்டிருக்கிறேன். செய்தி இதுதான். உன் தம்பி நீலுவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். அவனைப் பற்றி எந்தத் தகவலும் வந்துவிடவில்லை, அதனால் பதறாதே. அவன் போய்ப் பன்னிரண்டு வருஷம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அத்தனை காலம் தகவல் இல்லாதவனை இறந்தவனாக வைத்துக்கொண்டு கர்மம் செய்துவிட வேண்டும் என்பது விதி. விதியை அனுசரித்தே பழகியவன் நான், ஆகவே அனுசரித்தேன். ஆனால் நடந்தது நீயும் நானும் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நீ நான்கு கடிதங்களாக இதைத்தான் வற்புறுத்திக்கொண்டிருந்தாய். ஏற்றுக்கொள்ளுங்கள் அப்பா, அம்மாவையும் ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள், உண்டு அல்லது இல்லை என்று மனசு ஒரு பக்கம் சாய்ந்தால்தான் புண் ஆறும் என்று உங்கள் ஊர் டாக்டர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னது எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. முப்பத்தாறு வருஷம் செக்ரடேரியட்டில் நான் பார்த்த உத்தியோகமும் அதுதான். ஒரே ஃபைலில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உத்தரவுகள் இருக்கக்கூடாது, இருந்தால் ஒன்றை ரத்து செய்து கீழே கையெழுத்துப் போட வேண்டும். உன் அம்மாவிடம் இந்த நடைமுறை செல்லுபடியாகவில்லை. அவன் வரமாட்டான்னு எனக்கும் தெரியும், நீங்க ஒண்ணும் எடுத்துச் சொல்ல வேண்டாம், ஆனா அவன் வந்தா பூட்டின வீட்டு வாசல்ல நிக்கப்படாது என்பாள். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவாள். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒருவர் போனால் ஒருவர் வீட்டில். இந்த ஊர்த் தமிழர்கள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள், நானும் மறுக்கவில்லை.

நான் ரிடையரானதும் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய நேர்ந்தபோது அவள் அழுதாளே, அது வீட்டுக்காக இல்லை. அவன் வந்தால் அந்தக் கதவைத்தான் தட்டுவான் என்பதற்காக. அதனால் மாடிப்படிச் சுவரில் இந்த வீட்டு விலாசத்தைப் பென்சிலால் எழுதிவிட்டு வந்தேன். தீபாவளிக்கு முன்னால் அரசாங்கம் வெள்ளையடித்துவிடும், தீபாவளிக்குப் பின்னால் நான் பஸ் ஏறிப் போய் மறுபடி எழுதுவேன். ஏழு தடவை எழுதியிருக்கிறேன். இப்போது அந்த வீட்டில் மதுரைப் பக்கத்துக்காரர்கள், செல்வராஜ் என்று ஒருவர், அவர் மனைவி பூங்கோதை. முதல் தடவை அந்த அம்மாள், யாரு நீங்க, வயசான காலத்துல செவுத்துல என்ன கிறுக்குறீங்க என்று அதட்டினாள். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து படியில் போட்டாள். அடுத்த வருஷம், பென்சில் சரியாத் தெரியலைங்கய்யா, பேனாவுலயே எழுதிருங்க என்றாள். அரசாங்கச் சுவரில் மையால் எழுதக்கூடாது என்று விளக்கினேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் அம்மா இருபத்திரண்டு வயதுப் பையன்களின் முகத்தைப் பார்ப்பாள், அவன் போனபோது இருந்த வயது. நான் வருஷா வருஷம் ஒன்று கூட்டிக்கொண்டு இப்போது முப்பத்து நான்கு வயதுக்காரர்களைப் பார்க்கிறேன், வழுக்கை விழ ஆரம்பித்தவர்களை, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டிருப்பவர்களை. இப்படி நாங்கள் இரண்டு வேறு வேறு நீலுக்களை ஒரே ஊரில் தேடிக்கொண்டிருந்தோம், ஒருவர் தேடுவது மற்றவருக்குத் தெரியாத மாதிரி.

வைத்தியை உனக்கு நினைவிருக்கும். என் செக்ஷனில் கிளார்க்காகச் சேர்ந்து இப்போது அசிஸ்டெண்ட். விடியற்காலையில் வைதிகம் பண்ணிவைக்கும் வாத்தியார், பத்து மணிக்கு மேல் அரசாங்கம், இரண்டு இடத்திலும் மற்றவர்களுடைய காரியத்தை முடித்துக் கொடுக்கிறவர். அக்டோபரில் ஒரு நாள் மங்கி குல்லாயோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஸார், பன்னெண்டு ஆயிடுத்து, நீங்களா கேப்பேள்னு காத்திண்டிருந்தேன் என்றார். அம்மா காபி டம்ளருடன் வந்தவள் அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பன்னெண்டுன்னு யார் எண்ணிண்டிருந்தா, அவனா என்றாள். சாஸ்திரம் மாமி என்றார் வைத்தி. சரி, இலையில அவனாட்டம் ஒண்ணைப் பண்ணி வெச்சுக் கொளுத்தப் போறேள், மறுநாள் காலமே அவன் வந்து வாசல்ல நின்னா என்ன சொல்லுவேள் வைத்தி, நீ செத்துட்டே, திரும்பிப் போடான்னு சொல்லுவேளா என்று கேட்டாள். இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது, வைத்தி ஏதாவது ஆறுதல் சொல்லித் தடுமாறுவார், நான் நடுவில் புகுந்து முடித்துவைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வைத்தி, லீவு விதிகளைச் சொல்வதுபோன்ற குரலில், அதுக்கும் இருக்கு மாமி என்றார்.

இருக்கிறது, விசாலி. கர்மம் ஆனபிறகு ஒருவன் திரும்பி வந்தால் அவனை நேராக வீட்டுக்குள் விடக்கூடாது. நெய்க் குடத்தில் இறக்கி எடுத்து, ஸ்நானம் செய்வித்து, பிறந்த குழந்தைக்குச் செய்யும் ஜாதகர்மத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி வரிசையாகச் செய்ய வேண்டும். பெயர் வைக்க வேண்டும். பூணூல் போட வேண்டும். கல்யாணமானவனாக இருந்தால் அதே பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். என் சர்வீஸில் நான் எத்தனையோ விதிப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் உத்தரவைப் போட்ட கையோடு, இந்த உத்தரவு தப்பு என்று தெரியவந்தால் செய்ய வேண்டியது என்று அடுத்த பக்கத்திலேயே எழுதிவைத்த விதியை நான் பார்த்ததில்லை. அம்மா அப்போதுதான் காபியைக் கொடுத்தாள். ஆறியிருந்தது. நெய் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டாள். ஆள் முங்கணும் மாமி என்றார் வைத்தி. அவன் நல்ல உயரம் என்றாள் அம்மா. பேர் வெக்கறச்சே அதே பேர்தானே என்றாள். அதே பேர் வெக்கலாம், தோஷமில்லை என்றார். அப்ப சரி, பண்ணிடுங்கோ, லிஸ்ட் எழுதறச்சே ரெண்டுக்கும் எழுதிக் கொடுங்கோ என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வைத்தி என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவர் இரண்டு தாளில் எழுதினார். ஒன்றில் புரச இலை, தர்ப்பை, எள், மட்டைத் தேங்காய். இன்னொன்றில் நெய், தேன், பொட்டுத் தங்கம், பச்சரிசி, புது வேஷ்டி. உள்ளேயிருந்து குரல் வந்தது, தூளி எழுதினேளா என்று. முப்பத்து நாலு வயசு மாமி என்றார் வைத்தி. நீங்க எழுதுங்கோ என்றாள். எழுதினார். அந்த இரண்டு பட்டியலும் இப்போது சமையலறையில் ஒரே ஆணியில் குத்தியிருக்கின்றன. எது மேலே இருக்கும் என்பது காற்றைப் பொறுத்தது.

உடம்புக்குப் பதிலாக முந்நூற்று அறுபது புரச இலைகளைக் காம்போடு பரப்பி உருவம் செய்கிறார்கள். இங்கே சாப்பாட்டு இலைத் தட்டு தைக்கிறார்களே, அதே இலை. கரோல் பாக் சந்தையில் தட்டு விற்கிறவனிடம் தைக்காத இலையாக வேண்டும் என்று கேட்டேன். கித்னே லோக் காயேங்கே பாபுஜி என்றான், எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று. ஒருவர் என்றேன். ஒருவருக்கு இத்தனையா, பயில்வானா என்று சிரித்தான். இல்லையப்பா, ரொம்ப நாளாக வெளியூரில் இருக்கிறான் என்றேன். இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கையளவு இலையைக் கூடுதலாக எடுத்து வைத்தான்.

யமுனைக் கரையில் காலை ஏழு மணிக்குப் பனி கலையவில்லை. வைத்தி எண்ணி எண்ணி வைத்தார். தேங்காய் தலை. தலைப் பக்கத்துக்குக் கொஞ்சம் இலை, தொடைக்கும் கால்களுக்கும் ஏராளம் இலை. நீலு விஷயத்தில் அது நியாயமான பங்கீடு என்று நினைத்துக்கொண்டேன், எங்களை விட்டுப் போனது கால்கள்தானே. பிள்ளை அப்பனுக்குச் செய்ய வேண்டியதை அப்பன் பிள்ளைக்குச் செய்யும்போது பூணூலோடு சேர்ந்து எல்லாமே இடம் மாறியிருப்பதுபோல் இருக்கிறது. கோத்திரம் சொல்லுங்கோ ஸார் என்றார், சொன்னேன். பேர் என்றார். சிரஞ்சீவி நீலகண்டன் என்றேன். இருபத்திரண்டு வருஷம் எல்லாக் கடிதத்திலும் எல்லாப் பத்திரிகையிலும் அப்படித்தான் எழுதினேன், நாக்கு அந்தத் தடத்தில் போய்விட்டது. கொள்ளி வைக்கப் போகிறவன், வைக்கப்படுகிறவனை நீண்ட ஆயுள் உள்ளவன் என்று அழைத்துவிட்டேன்.  வைத்தி திருத்தாமல் மேலே போனார். இலை பச்சையாக இருந்ததால் சுலபத்தில் பற்றவில்லை. அவன் எதற்கும் உடனே இணங்கியவனில்லை. எல்லாம் ஆனபிறகு ஸ்கூட்டர் அருகில், நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா என்று வைத்தியைக் கேட்டேன். விழுந்தது ஸார் என்றார். தப்பு என்றேன். உங்க டிராஃப்ட்ல நான் என்னிக்கு ஸார் கை வெச்சிருக்கேன், அப்படியே இருக்கட்டும் என்றார். மங்கி குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

இனி எழுதப் போவது உனக்கு மட்டும். உன் பதிலை அம்மாவும் படிப்பாள், ஆகவே இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பதிலில் வேண்டாம். நீலு போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து செக்ஷன் நண்பர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். அன்றைக்குத்தான் அவன் நான் அனுப்பிய கிளார்க் பரீட்சைக்குப் போகாமல், தரையில் உட்கார்ந்து பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நண்பர் அவனைப் பற்றி விசாரித்தார். நான் முகத்தை வழக்கம்போல வைத்துக்கொண்டு, ஆபீசில் மூன்று இடம் ஆளில்லாமல் காலி, வீட்டில் ஓர் இடம் ஆள் இருந்தும் காலி என்றேன். நல்ல வாக்கியம். இரண்டு பக்கமும் எடை சரியாக இருந்தது. நண்பர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நீலுவும் தலைநிமிர்ந்து சிரித்தான், நன்னாருக்குப்பா என்றான். அவனுக்கு எப்போதும் என் வாக்கியங்கள் பிடிக்கும், இந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான் பிடிக்கும். மறுநாள் காலையில் காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு பால் பூத்துக்குப் போனான். இரண்டு நிறைந்த பாட்டில்களைக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்தான். அப்படியே போய்விட்டான். அம்மா அந்தப் பாலைக் காய்ச்சிக் காபி கலந்து, அவன் டம்ளரைப் பதினொரு மணி வரைக்கும் மூடி வைத்திருந்தாள். எனக்கு அன்றைய காபியின் ருசிகூட நினைவிருக்கிறது. நன்றாக இருந்தது.

அந்த நண்பர் எண்பத்து ஒன்றில் காலமானார். நீலுவும் இல்லை என்று ஆகிவிட்டால் அந்த வாக்கியத்தைக் கேட்ட காது உலகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. மனசு ஒரு பக்கம் சாய வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொன்னபோது எந்தப் பக்கம் என்பதை நான் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருந்தேன், புரிகிறதா. ஊரெல்லாம் என்னைப் பக்குவப்பட்டவர், யதார்த்தத்தை ஏற்றுக்கொண்டவர் என்றார்கள். நான் சாட்சியைக் கொளுத்தத்தான் யமுனைக்குப் போனேன். போன இடத்தில், அந்த வாக்கியத்தைச் சொன்ன அதே வாய் அவனைச் சிரஞ்சீவி என்று சொல்லிவிட்டது. இரண்டுக்கும் நான் முன் அனுமதி கொடுக்கவில்லை. முப்பது வருஷமாக வேதாந்தப் புத்தகங்களில், ஒன்றையும் அதற்கு நேர் எதிரானதையும் சேர்த்துச் சொல்லும் இடங்களுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வந்திருக்கிறேன். அழகான நடை என்பதற்காகப் போட்ட கோடுகள். உன் அம்மா அவற்றில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அவள் பாட்டுக்குக் குழம்பைக் கிளறிக்கொண்டு அதில் குடியிருந்திருக்கிறாள், நான் வெளியே நின்று நடையை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் போய்விட்டான், அவன் போகவில்லை. நான் அவனை விரட்டினேன், அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். இதில் எதையும் ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை என்பது அறுபத்தைந்தாவது வயதில் தெரிகிறது.

பதின்மூன்றாம் நாள் தீட்டுக் கழிந்து சுபம் ஆகி, வைத்தியும் சாப்பிட்டுப் போய், சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அம்மா கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருஷமாகக் கதவு தட்டினால் எழுந்து போவது அவள்தான், நான் தலையைத் தூக்கியதுகூட இல்லை. அன்றைக்கு நான் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எழுந்து வந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. ஒரு காலில் செருப்பு, பேப்பர் அறை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. மெதுவாப் போங்கோ, தரை ஈரம் என்றாள். திறந்தேன். இஸ்திரிக்காரன் துணி மூட்டையோடு நின்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தபியத் டீக் ஹை பாபுஜி, உடம்பு சரிதானே என்றான். துணியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அம்மா அப்போதுதான் நறுக்குவதை நிறுத்தினாள். பிறகு, இனிமே நீங்களே திறங்கோ, எனக்கு முட்டி வலிக்கறது என்றாள். பன்னிரண்டு வருஷம் தனியாகப் பார்த்த வேலையை அவள் எனக்கு ஒப்படைத்துவிட்டாள். ஒப்படைப்புக் குறிப்பு, கையெழுத்து ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான்தான் திறக்கிறேன். நேற்று லக்ஷ்மிபாய் நகருக்கும் போய் எழுதிவிட்டு வந்தேன். இந்த முறை மையால் எழுதினேன். 

உனக்குத் தீட்டு உண்டா என்று வைத்தியைக் கேட்டேன். தாமதமாகத் தெரிந்தால் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டால் போதும் என்றார். இந்தக் கடிதம் கிடைத்ததும் குளித்துவிடு, குளித்ததும் நெற்றிக்கு இட்டுக்கொண்டு குழந்தைகளுக்கு ஏதாவது தித்திப்பாகச் செய்து கொடு. அவர்கள் நீலு மாமாவைப் பற்றிக் கேட்டால், மாமா இருந்தார் என்றும் சொல், இருக்கிறார் என்றும் சொல், இரண்டையும் வேறு வேறு நாளில் சொல். குழந்தைகளுக்கு அது கஷ்டமாக இராது, உனக்குத்தான் கொஞ்ச நாள் இருக்கும். அம்மா எழுதும் கடிதத்தில் அவன் சாப்பிடுகிறான், அவனுக்குப் பிடிக்கும் என்று வந்தால் திருத்த வேண்டாம். சின்னவன் தமிழில் எழுதிய இரண்டு வரியும் கிடைத்தது. தாத்தா நலமா என்று கேட்டிருக்கிறான், அந்த நலமாவில் துணைக்காலைக் காணோம், ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. மாப்பிள்ளை அந்த ஊர் வெயிலில் தொப்பி இல்லாமல் சைட்டுக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அம்மாவின் முட்டிக்குத் தைலம் தடவுகிறோம், பெரிதாக ஒன்றும் இல்லை.

நீங்கள் எல்லோரும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் கண்ணெதிரே, குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மறக்காதே. ஜூனில் வருவதானால் தேதியும் விமான நேரமும் முன்னதாக எழுது. சின்ன வயசு வழக்கப்படி சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டிவிடாதே. வேலைக்கு நான் புதிது.

இப்படிக்கு,
உன் அப்பா
ராமசுப்ரமணியன்